சித்தப்பாவைக் கூட்டிட்டு வா

அத்தியாயம் 14

காலை ஒன்பதே முக்காலுக்கு அந்த வீட்டு அடுப்பில் மாமனார் கொதித்துக்கொண்டிருந்தார்.

பதறாதீர்கள். பதின்மூன்று வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த வீட்டில் தானியங்களுக்கு உறவுமுறை உண்டு. முழுக்கோதுமை மாமனார், எவ்வளவு சூடு காட்டினாலும் லேசில் இளகமாட்டார். தினை பாப்பா, ஒரு நிமிஷம் கண்ணை எடுத்தால் போதும், அடுப்பெல்லாம் பொங்கி வைத்துவிடும். வெள்ளைச்சோளம் சம்பந்தி, முதல் நாளே நனைத்து வைத்துக் காத்திருந்தால்தான் மறுநாள் வழிக்கு வருவார்.

பார்லி, சித்தப்பா. "ஊத்துற தண்ணியெல்லாம் குடிச்சிட்டு, உம்முனு உப்பிப்போய் உக்காந்திருக்கும். அவனேதான்!" என்று அப்பா வைத்த பெயர் அது.

பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. பார்லியை எடுத்துவா என்று அந்த வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. சித்தப்பாவைக் கூட்டிட்டு வா என்றுதான் சொல்வார்கள்.

இந்த விஷயம் தெரியாத ஒரே ஆள், மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அவரிடம் மறைக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஆனால் சோளத்துக்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று அவரிடம் யார் போய்ச் சொல்வது? நீ சொல், நீ சொல் என்று ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டே மூன்று வாரம் ஓடிவிட்டது.

அம்மாவுக்கு அன்று தலைக்கு மேல் வேலை. அப்பா டைம் கீப்பராக இருக்கிற பஸ் டிப்போவில் சாப்பாட்டுக்கூடத்துச் சமையலறை இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. டிரைவர்கள் பன்னும் டீயுமாக மதியத்தை ஓட்டிவிட்டு, மூன்று மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விடுகிறார்கள். "வயிறு நிறையணும், கண்ணு சொக்கக் கூடாது. அப்படி யாராவது சமைச்சுக் காட்டினா சாவியைக் கொடுத்துடறேன்" என்று டிப்போ மேனேஜர் சொன்னதும், அம்மா போய் அவர் எதிரில் நின்றதும் போன வாரம் படித்தீர்கள்.

நிபந்தனை இதுதான். மூன்று விதமான முழுத்தானியம், மூன்று பானை, நாற்பது டிரைவர்கள். பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது மூன்று பானையும் மேஜை மேல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பேச்சே கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் தன் ஸ்பூனைப் பச்சை வாளியில் போட்டால் சம்மதம், சிவப்பு வாளியில் போட்டால் இல்லை.

மணி அடிக்கிறவர் யார் என்று கேட்கிறீர்களா? அப்பாதான்.

"என்னங்க, ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆச்சுன்னா?" என்று முந்தின நாள் அம்மா கேட்டுப் பார்த்தாள்.

"ஆகாது."

"ஆனா?"

"மணி அடிச்சிடுவேன்."

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூட அந்த மணி பிந்தியதில்லை. பெண்டாட்டி என்பதற்காக ஒரு நிமிஷம் தரமாட்டார். தந்தாலும் அம்மா வாங்கிக்கொள்ள மாட்டாள். அவளுக்கு வேண்டியது சலுகை இல்லை. நாற்பது பேருக்கு அளந்து போட்டு, இன்றைக்கு என்ன சமைப்பது என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்யும் ஒரு பெரிய சமையலறையின் சாவி. அதை நினைத்தால் இந்த ஐம்பத்தொரு வயதிலும் அவள் கைக்கு வேகம் கூடியது.

முழுக்கோதுமை ஒரு பானை: வெங்காயத்தைப் பொன்னிறத்துக்கு வதக்கி, தணலில் சுட்ட பரங்கிக்காய்த் துண்டுகளோடு. சோளம் ஒரு பானை: சிவப்பு பீன்ஸும் தக்காளியும் சேர்த்துக் கெட்டியாக. மூன்றாவது பார்லி. கோழி, கேரட், உருளைக்கிழங்கு, நிறைய மிளகு. வாய்க்குள் ஒவ்வொரு மணியும் தனித்தனியாக உருள வேண்டும், ஆனால் சாறு கரண்டியில் ஒட்ட வேண்டும். அவள் கைவரிசை அந்த மூன்றாவது பானையில்தான் இருந்தது.

கோதுமைக்கும் சோளத்துக்குமே வீட்டுப் பானைகள் சரியாகப் போய்விட்டதால், பார்லியை மகள் வீட்டில் ஊறப்போட்டிருந்தார்கள். மகள் எலக்ட்ரீஷியன். வீட்டில் அவளுக்குப் பெயர் கரண்ட். அவள் ஏணி மேல் இருக்கும்போது போனை அணைத்துவிடுவாள். அன்று விடியும் முன்பே ஒரு கட்டடத்துக்கு ஏணி ஏறப் போய்விட்டாள். போகும்போது புருஷனுக்கு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள்.

*

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர். ஒரு நூல் இழை பிசகினாலும் ஒத்துக்கொள்ளாத தொழில். சீட்டில் இருந்ததை அவர் ஒரு எழுத்து விடாமல் மூன்று முறை படித்தார்.

'சித்தப்பாவை மறக்காம அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. பத்து மணிக்குள்ள. ஆட்டாம அசைக்காம, பள்ளத்துல விடாம மெதுவா ஓட்டுங்க. அவர் இல்லாம இன்னிக்கு எதுவும் நடக்காது.'

மாப்பிள்ளைக்குப் புல்லரித்தது. மாமனாரும் அவர் தம்பியும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். கல்யாணத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமலே எழுந்து போனவரை அவரும் பார்த்தார். அப்பேர்ப்பட்ட சண்டை இன்றைக்குத் தீரப்போகிறது! அதுவும் தன் கையால்!

சமையலறை மூலையில் ஈரத்துணி போட்டு மூடிய ஒரு பெரிய பானை இருந்தது. கரண்ட் துணி ஊற வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைப் பூட்டினார்.

சித்தப்பா வீடு இரண்டு தெரு தள்ளி. ஆம்புலன்ஸ் டிரைவர். அன்றைக்கு வார லீவு. பனியனோடு வந்து கதவைத் திறந்தார்.

"மாமா, கிளம்புங்க. அத்தை வீட்ல உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"என்னையா?"

"உங்களைத்தான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

மாப்பிள்ளை ஒரு வினாடி யோசித்தார். ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற அளவுக்கு வந்த விஷயம் வீட்டுப் பெரியவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"நீங்க இல்லாம இன்னிக்கு எதுவும் நடக்காதாம் மாமா."

சித்தப்பா சட்டென்று திரும்பிக்கொண்டார். சட்டையை எடுத்து, சுவரைப் பார்த்தபடியே நின்று பட்டன் போட்டார். ஒரு பட்டன் தவறி, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை.

காரில் முதுகுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை வைத்து அவரை உட்கார வைத்தார் மாப்பிள்ளை. வண்டி ஊர்ந்தது. சைக்கிள்காரர் ஒருவர் மணி அடித்துத் தாண்டிப் போனார். பால்காரர் தாண்டினார். கையில் காய்கறிப் பையோடு நடந்த ஓர் அம்மாள்கூட ஒரு திருப்பத்தில் முந்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே."

"தெரியும் மாமா. ஆனா ஆட்டக் கூடாதுன்னு உத்தரவு."

இருபத்திரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து நிமிஷ வழிக்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஆனாலும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அழியவில்லை.

*

அழைப்பு மணி கேட்டதும் அம்மா இரண்டு கையையும் பானை வாங்கத் தோதாக நீட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள்.

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"அண்ணி," என்றார் சித்தப்பா. "கூப்பிட்டீங்களாமே."

அம்மா அவர் தோளுக்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கை காலி.

"வாங்க தம்பி, வாங்க... மாப்பிள்ளை, வேற ஒண்ணும் கொண்டு வரலையா?"

"தலையணை கொண்டு வந்தேன் அத்தை. கார்ல இருக்கு."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சுவர்க் கடிகாரம் பத்து இருபது காட்டியது. பானை அங்கே, சாவி மாப்பிள்ளை பையில். கடையில் வாங்கலாம் என்றால், அங்கே கிடைப்பது தோலைத் தீட்டிய வெள்ளைப் பார்லி. மேனேஜர் கேட்டது முழுத்தானியம். தினையைப் போடலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே கிலோ; நாற்பது பேருக்கு எந்த மூலைக்கு? மாப்பிள்ளையை இந்த நிமிஷமே திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் என்னவென்று சொல்லி? சித்தப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னால் சித்தப்பாவைக் கூட்டிட்டு வந்துவிட்டீர்களே என்றா?

கோணலாகப் பட்டன் போட்ட சட்டையோடு அந்த மனிதர் கூடத்தின் நடுவில் நின்று, ஆறு வருஷத்தில் எது எது இடம் மாறியிருக்கிறது என்று ஆசையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு, கேட்டால் வருவார் என்று தெரிந்தும் இத்தனை நாளாக ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் இருந்துவிட்டோமே என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அம்மாவின் கையெல்லாம் வெங்காயம். உதவி செய்வதற்கென்றே பிறந்த மாப்பிள்ளை ஓடிப்போய் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"சித்தப்பா வந்தாச்சா?" என்றது அப்பாவின் குரல்.

சித்தப்பா நிமிர்ந்தார். கண்கள் மளமளவென்று நிறைந்துவிட்டன.

"வந்... வந்தாச்சு. நான் அப்புறமா—" என்று இழுத்தாள் அம்மா.

"எத்தனை மணிக்கு?"

"பத்து இருபது."

"இருபது நிமிஷம் லேட். போகட்டும். நல்லா உப்பியிருக்காரா?"

சித்தப்பா வெட்கத்தோடு தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம் போட்டிருக்கேன் அண்ணி," என்றார் ரகசியமாக.

"என்னங்க, ஒரு நிமிஷம், போனை—"

"குறுக்கே பேசாதே, எனக்கு வண்டி வர்ற நேரம். ரெண்டு தடவை நல்லாக் கழுவு. உப்பு போட்டு அடுப்புல ஏத்து. மூடி போடாதே, பொங்கிடுவார். நாப்பத்தஞ்சு நிமிஷம். வெந்துட்டாரான்னு ரெண்டு விரலால நசுக்கிப் பாரு. வெச்சிடறேன்."

வைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. சித்தப்பா போனையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணி... அடுப்புல யாரை ஏத்தச் சொல்றார்?"

இதற்கு மேல் மறைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அலமாரியைக் காட்டினாள். வரிசையாக ஐந்தாறு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் பஸ் அட்டவணைக் கையெழுத்து. மாமனார், ஒரு மணி. சம்பந்தி, ஒரு மணி பத்து. பாப்பா, இருபது, கண்ணை எடுக்காதே.

அடுத்த டப்பாவைச் சித்தப்பா எடுத்தார். 'சித்தப்பா, 45, மூடி போடாதே' என்று இருந்தது. திறந்து பார்த்தார். அடியில் ஒரு பிடி பார்லி.

"ஓ," என்றார். "இதைத்தான் ஆட்டாம அசைக்காம கொண்டு வரணுமா."

"மாமா, என் தப்பு மாமா," என்று தழுதழுத்தார் மாப்பிள்ளை. தன் அப்பா அம்மாவும் 'சம்பந்தி'யாக அலமாரியில் இருப்பதை அவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. பார்த்திருந்தாலும் கேட்கிற நிலையில் இல்லை.

சித்தப்பா டப்பாவை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

அப்போது மணி பத்தரை. அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். கையைக்கூடத் துடைக்காமல் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க தம்பி. கோவத்துலதான் அந்தப் பேரை வெச்சார். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். சண்டை நடந்த மறு வாரமே வெச்சார். ஆனா அதுக்கு முன்னாடி இந்த வீட்ல பார்லி எப்பவாவது ஒரு நாள்தான். பேர் வெச்சப்புறம் வாரத்துக்கு நாலு நாள். தினமும் டிப்போவுலேருந்து போன் பண்ணி, 'சித்தப்பா வந்தாச்சா'ன்னு கேப்பார். டப்பா அலமாரியிலதான் இருக்கு, அது எங்கே போகப்போகுது? அது அவருக்கும் தெரியும். இருந்தும் கேப்பார்."

சித்தப்பா குனிந்து ஒரு செருப்பை மாட்டினார்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? உங்க அண்ணனுக்குப் பார்லி ஒத்துக்கவே ஒத்துக்காது. சாப்பிட்ட அன்னிக்கெல்லாம் உப்புசம்னு மாத்திரை போட்டுட்டுத்தான் படுப்பார்."

ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு கையில். அப்படியே நின்ற சித்தப்பாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மாப்பிள்ளை கைக்குட்டையை நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு முற்றி, கடைசியில் கைக்குட்டையும் வேண்டியிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்து மூன்று. அந்தப் பார்வையே வேறாகிவிட்டது.

"பானை எங்கே இருக்கு?"

"கரண்ட் வீட்ல."

"எத்தனை மணிக்கு அடுப்புல ஏறணும்?"

"பதினொண்ணரைக்குள்ள."

"மாப்பிள்ளை, கார் சாவி."

"நானே ஓட்டறேன் மாமா—"

"நீங்க ஓட்டினா பார்லி வழியிலேயே முளைச்சிடும். குடுங்க இப்படி."

*

அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று பிறகு கேட்டால் சொல்லத் தெரியாது. கை தன்பாட்டில் ஓடியது. கோதுமை மணிகள் வாய் பிளக்கத் தொடங்கியதும் தண்ணீரை வடித்தாள். பரங்கிக்காயின் தோல் கருகி, உள்ளே சதை இனிப்பாக இளகியிருந்தது. இரண்டையும் சேர்த்து வெங்காயத்தில் புரட்டியதும் கிளம்பிய வாசனைக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சோளம் சொன்னபடி கேட்டது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல்லுக்குக் கொஞ்சம் எதிர்த்து நின்று, பிறகு மெத்தென்று விட்டுக்கொடுத்தது. அதுதான் பதம்.

"சபாஷ் சம்பந்தி!" என்று தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

மூன்றாவது அடுப்பில் கோழிச்சாறு மட்டும் தளதளவென்று கொதித்து, வரவேண்டியவருக்காகக் காத்திருந்தது.

காரில் என்ன நடந்தது என்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் நமக்குத் தெரியும். சித்தப்பா வேகமாக ஓட்டவில்லையாம். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் நெரிசல் என்று அவருக்கு உள்ளங்கை மாதிரி தெரியுமாம். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் புகுந்து, ரொட்டிக்கடைச் சந்தில் திரும்பி, ஒரு சிவப்பு விளக்கில்கூட நிற்காமல் பதினெட்டு நிமிஷத்தில் கரண்ட் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். லிப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடியும் ஏறி, நிறைந்த பானையை ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். திரும்பி வரும்போது பானை பின் சீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவில் சொகுசாக உட்கார்ந்து வந்தது.

பாதி வழியில் மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். "மாமா, சண்டை எதுக்கு?"

"பதினோரு நிமிஷத்துக்கு."

ஆறு வருஷத்துக்கு முன்னால், இருபத்தைந்து வருஷம் ஒரு நாள்கூடப் பிந்தாதவர் என்று அப்பாவுக்கு டிப்போவில் ஒரு விழா எடுத்தார்கள். அண்ணனை நான்தான் மேடைக்கு அழைத்துப் போவேன் என்று தம்பி பிடிவாதமாகச் சொன்னார். சொன்னவர் பதினோரு நிமிஷம் லேட்டாக வந்தார். பிந்தாதவருக்கு எடுத்த விழாவுக்கு அவரே பிந்திப்போய் நின்றார். அத்தனை பேர் எதிரில் அப்பா திரும்பி, "நீயெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டி என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டார். தம்பி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்தான்.

"ஏன் மாமா லேட்டாச்சு?"

சித்தப்பா சொன்னார். சொல்லிவிட்டு, "இதை அண்ணன்கிட்ட நீங்க சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். காரணம் எனக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளையே வாக்குக் கொடுத்துவிட்ட பிறகு நான் எப்படி உளற முடியும்? ஒன்று மட்டும் சொல்கிறேன். அது தெரிந்திருந்தால் அப்பா அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்.

பதினொன்று இருபத்தாறுக்குப் பார்லி சாற்றில் இறங்கியது. சித்தப்பா கரண்டியை அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"மூடி போடாதீங்க அண்ணி. பொங்கிடுவேன்."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை கேரட் நறுக்கினார். கண்ணாடி தேய்க்கிற கை அல்லவா, ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். நுரை எழும்ப எழும்பச் சித்தப்பா அடக்கினார். நாற்பதாவது நிமிஷம் ஒரு மணியை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இன்னும் நடுவுல பிடிவாதம் இருக்கு. அஞ்சு நிமிஷம்," என்றார்.

*

முதல் இரண்டு பானையோடு அம்மா டிப்போ வேனில் முன்னால் போனாள். மூன்றாவது, மிளகும் தூவி இறக்கி, காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

சாப்பாட்டுக்கூடத்தில் நாற்பது டிரைவர்களும் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார்கள். கோதுமையும் பரங்கிக்காயும் மேஜைக்கு வந்தபோதே பேச்சு குறைந்தது. சோளப்பானையைத் திறந்தபோது நின்றேவிட்டது. வாசலில் பச்சை வாளியும் சிவப்பு வாளியும் காலியாகக் காத்திருந்தன. மேனேஜர் மேஜையைப் பார்த்தார்.

"ரெண்டுதான் இருக்கு?"

"வருது சார்," என்றாள் அம்மா.

பன்னிரண்டு இருபத்தெட்டு. அப்பா வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவர்க் கடிகாரத்தின் கீழே, மணிப் பொத்தானில் கட்டைவிரலை வைத்து நின்றிருந்தார். பன்னிரண்டு இருபத்தெட்டிலிருந்து அவர் வேறெதையும் பார்க்கமாட்டார். முப்பத்தோரு வருஷப் பழக்கம். அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை, எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை.

வினாடி முள் ஓடியது. டிப்போ முற்றத்தில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படியில் இரண்டு பேர் மூச்சு வாங்கும் சத்தம்.

பன்னிரண்டு இருபத்தொன்பது. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், பழக்கத்தில் அப்பா கேட்டார்:

"சித்தப்பா வந்தாச்சா?"

"வந்தாச்சு அண்ணே."

கட்டைவிரல் பொத்தான் மேல் அப்படியே நின்றது.

அப்பா திரும்பினார். கூடத்தின் நடுவில் ஆவி பறக்கும் பானை. ஒரு காதை மாப்பிள்ளை பிடித்திருந்தார். மறு காதை, கோணலாகப் பட்டன் போட்ட சட்டையில், வியர்த்து வழிய, தம்பி பிடித்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவரால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியவில்லை. மேஜைக்கு இன்னும் ஆறடி இருந்தது.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது டிரைவர்களும் பார்த்தார்கள். முள் பன்னிரண்டரையைத் தொட்டது. பன்னிரண்டரையைத் தாண்டியது. மணி அடிக்கவில்லை.

அந்த டிப்போவில் அப்படியொன்று நடந்ததே இல்லை. ஒரு டிரைவர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துத் தட்டிப் பார்த்தார்.

அப்பா தம்பியின் காலரைப் பார்த்தார், பட்டனைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் முன்னாடியே வந்துட்டியே," என்றார்.

தம்பி தலையை ஆட்டினார்.

"கை சுடப்போகுது. முதல்ல அதை மேஜையில வை."

இருவரும் ஆறடி நடந்து பானையை வைத்தார்கள். கோதுமை, சோளம், பார்லி. மூன்றும் மேஜையில் இருந்தன. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். அப்பா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குச் சாப்பாட்டு மணி அடித்தது.